சாக்கடை வரவில்லை என்று ஒரு புகார்: கிழக்கு கொல்கத்தாவில் ஐந்து நாள்

முதல் நாள்

"லீவு கிடைச்சாலும் நீங்க வேலையைத்தான் தேடிப் போவீங்க" என்றாள் மனைவி. மறுத்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை. ஐந்து நாள் தனியாக ஊர் சுற்றக் கிளம்பியவன் கடல், மலை, கோயில் எதையும் சொல்லாமல், கொல்கத்தாவின் சாக்கடை எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் வேறு என்ன சொல்வாள்?

என் பிழைப்பு அது. சென்னையில், பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றி எழும்பியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சிலவற்றின் எஸ்.டி.பி.க்களை, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டிகளை, ஒப்பந்தத்துக்கு எடுத்து ஓட்டுகிறேன். கார் பார்க்கிங்குக்குப் பின்னால் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு அறை இருக்குமே, அதுதான் என் ஆபீஸ். அங்கே நான் செய்வது பெரிய வித்தை இல்லை. தொட்டியில் பாக்டீரியா இருக்கிறது. அதற்குச் சாப்பாடு மேல்மாடிகளிலிருந்து தானாக வந்துகொண்டே இருக்கிறது. மூச்சுவிடக் காற்று மட்டும் நான் கொடுக்க வேண்டும். காற்றுக்கு ப்ளோயர், ப்ளோயருக்குக் கரன்ட். பில் வந்ததும் அசோசியேஷன் செயலாளர் போன் செய்து, "ராத்திரியில மட்டும் ஆஃப் பண்ணி வச்சா என்ன?" என்பார். வைக்கலாம். மூன்றாம் நாள் நாற்றம் ஏழாவது மாடிக்குப் போய்ச் சேரும்.

ப்ளோயரே இல்லாமல் ஒரு மாநகரத்தின் சாக்கடை நீர் சுத்தமாகிறது, அந்த நீரில் மீன் வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பல வருஷம் ஆகிறது. கொல்கத்தாவுக்குக் கிழக்கே 12,500 ஹெக்டேர் ஈரநிலம். 2002 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. படித்தவரை நம்ப முடிந்தது. ஆனால் எங்கள் தொழிலில் மூக்கு நம்பாததை மூளை நம்பாது.

கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஷாலிமாரில் இறக்கிவிட்டது. ஜனவரிக் கடைசி, வெயில் இருக்கிறது, சூடு இல்லை. சித்தி மகன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். பேங்க் வேலையாக வந்தவன் பத்து வருஷமாக இங்கேயே தங்கிவிட்டான். லேக் மார்க்கெட் பக்கம் வீடு. தெருமுனையில் இட்லி மாவு, முருங்கைக்காய், மல்லிகைப்பூ எல்லாம் கிடைக்கிறது; தமிழ்க்காரர்கள் தலைமுறைகளாக இருக்கும் பகுதி.

ராத்திரி ரோகு மீன் குழம்பு. புளி நம் ஊர், கடுகெண்ணெய் இந்த ஊர். இரண்டாவது கவளத்தை எடுத்தபோது தம்பி சொன்னான்: "அண்ணா, நாளைக்கு நீங்க பார்க்கப் போற இடத்து மீன்தான் இது." கவளம் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. ஐந்து செக்கண்டுக்கு முன்னால் ருசியாக இருந்த குழம்பு. தம்பி மனைவி சிரித்துவிட்டாள். "பத்து வருஷமா சாப்பிடுறோம் மாமா, நல்லாத்தான் இருக்கோம்."

சாப்பிட்டேன். அரை மனசுதான். இப்போது மணி பத்தரை, கொசுவலைக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வயிறு அமைதியாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் நாள்

பொதுவாக நதியோரத்து ஊர் தன் கழிவை நதியில்தான் விடும். கொல்கத்தாவில் அது முடியவில்லை. காரணம் ஊரின் சாய்வு. ஹூக்ளி ஆயிரக்கணக்கான வருஷம் வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கரையை மேடாக்கி வைத்திருக்கிறது. அங்கிருந்து தரை கிழக்கே சரிகிறது. அதனால் வெள்ளைக்காரன் காலத்தில் பாதாளச் சாக்கடை போட்டபோதும் நதிக்கு முதுகைக் காட்டி, கிழக்கே இருந்த உவர்ச் சதுப்பை நோக்கித்தான் ஓட்டினார்கள். அந்தப் பக்கம் பித்யாதரி என்ற ஓத நதி, அதாவது கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் நதி, ஓடிக்கொண்டிருந்தது, கடலுக்குக் கொண்டுபோய் விடும் என்று நம்பினார்கள். பித்யாதரி மண் மூடியது. 1928-இல் செத்த நதி என்றே அறிவித்துவிட்டார்கள். பிறகு தூரத்தில் உள்ள குல்டி ஆற்றுக்குக் கால்வாய் வெட்டி, 1943 வாக்கில் அது ஓடத் தொடங்கியது.

அந்தக் கால்வாயைத்தான் இன்று பின்தொடர்ந்தோம். சயின்ஸ் சிட்டி வரை மஞ்சள் டாக்ஸி, அங்கிருந்து பாசந்தி நெடுஞ்சாலையில் பஸ். சாலையை ஒட்டியே கால்வாய் வருகிறது. மழைநீருக்கு ஒன்று, மழை இல்லாத நாளின் சாக்கடைக்கு ஒன்று. பஸ்ஸிலிருந்து இறங்கிக் கரையில் நின்றேன். கருஞ்சாம்பல் நிறம், மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம், அடியிலிருந்து ஒவ்வொன்றாகக் குமிழி. அழுகின முட்டை நாற்றம். இதற்கு மீட்டர் தேவையில்லை: ஆக்ஸிஜன் பூஜ்யம். ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் வேலை செய்யும் பாக்டீரியா சல்ஃபேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடும், அதன் ஏப்பம்தான் இந்த வாசனை. தம்பி கைக்குட்டையை எடுத்தான். எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

இடையில் தாப்பா. நகரத்தின் குப்பைமேடு ஒரு பக்கம், மக்கிய பழைய குப்பையில் விளையும் காலிஃபிளவர் மறுபக்கம். தலை தலையாக வெள்ளை வெளேரென்று அடுக்கி விற்கிறார்கள். அதைப் பற்றித் தனியாக எழுதலாம், இன்று வேண்டாம்.

பான்தலாவில் ஒரு மதகு. பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை, இரும்புக் கதவும் துருவும்தான். ஆனால் மொத்தக் கதையும் இதன் கையில் இருக்கிறது. கதவை இறக்கினால் கால்வாயில் நீர் மட்டம் ஏறும். ஏறினால், பக்கவாட்டில் பிரியும் சின்ன வாய்க்கால்கள் வழியாகப் பம்பு எதுவும் இல்லாமல் மீன் பண்ணைகளுக்குப் பாயும். மட்டம் குறைந்தால் பாயாது, நேரே குல்டிக்குப் போய்விடும். நகரத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது என்பவர்களுக்கு மட்டம் தாழ இருக்க வேண்டும், மீன்காரர்களுக்கு உயர இருக்க வேண்டும். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் தம்பி பேச்சுக் கொடுத்தான். அவர் வெகுநேரம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். என்ன சொல்கிறார் என்றேன். "சாக்கடை ஒழுங்கா வரதில்லைன்னு கோவமா இருக்கார்ணா."

இருபது வருஷத் தொழிலில் இப்படி ஒரு புகாரை நான் கேட்டதில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாடு மீன்காரர்களுக்கு எப்போதோ தெரியும், அரசாங்கத்துக்குத் தெரியாது. 1981-இல், நகரத்தின் கழிவுநீர் கடைசியில் என்னதான் ஆகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை துருபஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளரிடம் வந்தது. அவர் செய்தது இதேதான், கால்வாயைப் பின்தொடர்ந்து போனார். போன இடத்தில் மீன்காரர்கள் எந்த விஞ்ஞானப் பெயரும் இல்லாமல் சுத்திகரிப்பை நடத்திக்கொண்டிருந்தார்கள். மீதி ஆயுளை அந்த நிலத்துக்காக வாதாடுவதில் கழித்தார். கொல்கத்தா மலிவான நகரமாக இருப்பதற்கு இந்த ஈரநிலம் கொடுக்கும் மானியமும் ஒரு காரணம் என்று சொல்லிவந்தார். 2018-இல் காலமானார்.

திரும்பும்போது முதல் பண்ணையைச் சாலையிலிருந்தே பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைத் தண்ணீர், நடுவே மூங்கில் கம்புகள், அதன்மேல் நீர்க்காகம். ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஈர மண் வாசனை. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள்

இந்த மீன் பண்ணைகளுக்கு பேரி என்று பெயர். கடைசி எழுத்து 'டி'க்கும் 'ரி'க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, என் நாக்குக்குப் பிடிபடவில்லை. இருநூற்றைம்பது பேரிகளுக்கு மேல் உண்டு. சில தனியாருடையவை, சில கூட்டுறவு. தம்பியின் பேங்க் நண்பர் மூலமாக ஒரு கூட்டுறவுப் பேரிக்கு ஏற்பாடாகியிருந்தது. சுற்றிக் காட்டியவருக்கு எழுபது வயதிருக்கும். லுங்கி, குரங்குக் குல்லா, பீடி. எல்லாரும் காக்கு என்றார்கள். சித்தப்பா என்று அர்த்தமாம். நானும் காக்கு என்றே கூப்பிட்டேன்.

முதலில் வாய்க்காலைக் காட்டினார். நேற்றுப் பார்த்த அதே கறுப்பு நீர், ஆனால் இங்கே நடை தளர்ந்து, ஆகாயத்தாமரைக்கு நடுவே நெளிந்து வருகிறது. வேகம் குறைந்தால் கனமானது அடியில் உட்காரும். எங்கள் தொட்டியிலும் முதல் அறை அதற்குத்தான். இந்த நீருக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் மொய்லா ஜோல், அழுக்குத் தண்ணி. அதைச் சொல்லும்போது காக்குவின் முகத்தில் அருவருப்பு துளியும் இல்லை. நம் ஊர் விவசாயி எரு என்று சொல்வது மாதிரி சொன்னார்.

பக்கத்துப் பேரி வறண்டு கிடந்தது. குளிர்காலத்தில் நீரை வடித்து, சேற்றை வெயிலில் வெடிக்கவிட்டு, அள்ளிக் கரையில் போட்டு, சுண்ணாம்பு தூவுகிறார்கள். மூட்டை ஒன்றிலிருந்து பழகிய வாசனை வரவும் குனிந்து பார்த்தேன். இலுப்பைப் புண்ணாக்கு! குட்டையில் மிச்சமிருக்கும் விரால், கெளுத்தி வகையறாவை அது கொன்றுவிடும், குஞ்சு விடும்போது தின்ன ஆள் இருக்காது. பிறகு அதுவே உரமாகிவிடும். இதெல்லாம் முடிந்தபின் அழுக்குத் தண்ணியை விட்டு, இரண்டு மூன்று வாரம் சும்மா கிடக்கவிடுவார்கள். அதற்கப்புறம்தான் மீன் குஞ்சு.

சும்மா கிடக்கும் அந்த மூன்று வாரத்தில்தான் எல்லாம் நடக்கிறது. ஆழம் இடுப்பளவு, மிஞ்சினால் மார்பளவு. வெயில் அடிவரை போக வேண்டும் என்பதற்காகவே இப்படி. கழிவை பாக்டீரியா தின்கிறது. தின்று முடித்து அது விடுவது கரியமில வாயு, அம்மோனியா, பாஸ்பேட். பாசிக்கு இது விருந்து. பாசி அதையெல்லாம் எடுத்துக்கொண்டு வெயிலில் ஆக்ஸிஜனை விடுகிறது. அந்த ஆக்ஸிஜனில் பாக்டீரியா இன்னும் வேகமாகத் தின்கிறது. நான் கரன்ட் செலவழித்து ஊதும் காற்றை இங்கே பாசி ஊதிக்கொண்டிருக்கிறது. செயலாளரிடம் சொன்னால் அப்படியே பேஸ்மென்ட்டில் பாசி வளர்க்கச் சொல்வார். வெயிலுக்கு எங்கே போக? நான் ஒரு நாளில் தள்ளிவிடும் வேலைக்கு இங்கே வாரக்கணக்கும் ஏக்கர்க்கணக்கும் ஆகிறது. கரன்ட் பில் என்பது நிலத்துக்கும் நேரத்துக்கும் பதிலாக நாம் கட்டும் வாடகை, வேறொன்றுமில்லை.

காக்கு கரையிலிருந்து இறங்கி, சட்டைக் கையைச் சுருட்டி, கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டார். உள்ளங்கையை மேல்நோக்கி விரித்துக் குனிந்து பார்த்தார். விரல் மங்கலாகத் தெரிகிறது, நகம் தெரியவில்லை. சரி என்று தலையாட்டினார். விரல் பளிச்சென்று தெரிந்தால் பாசி போதாது, அழுக்குத் தண்ணி விட வேண்டும். கையே தெரியாவிட்டால் பாசி மிஞ்சிப் போச்சு, நிறுத்த வேண்டும். ஒரே நாளில் கொட்டினால் பாக்டீரியா ஆக்ஸிஜனைத் தின்று தீர்த்துவிடும், மொத்தக் குளமும் ராத்திரியோடு ராத்திரியாகக் கவிழும். பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். முழங்கைக்கு என்ன அளவுகோல் என்று கேட்டேன். "உங்க கை என் கையைவிட நீளம், உங்க குளத்துக்கு நீங்க பழகிக்கணும்" என்றாராம். தம்பி மொழிபெயர்த்தது.

நான் மடக்குகிற காகித மைக்ராஸ்கோப் ஒன்று வைத்திருக்கிறேன், ஃபோல்ட்ஸ்கோப். தொட்டியின் சேற்றில் வோர்ட்டிசெல்லா இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வாங்கியது. காம்பின் நுனியில் மணி கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும் ஒற்றைச் செல் உயிர். அது கூட்டமாக இருந்தால் தொட்டி நலம். கரையில் உட்கார்ந்து ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து வெயிலுக்கு எதிரே பிடித்தேன். முதலில் பச்சை உருண்டைகள், நாலு நாலாக ஒட்டிய பச்சைக் கம்பிகள். அவற்றுக்கு நடுவே ஒரு ரோட்டிஃபர், தலையில் இரண்டு சக்கரம் சுற்றுவது போல மயிரிழைகள் சுழல, எதிரே வருவதையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தது. திடீரென்று பெரிய நிழல் ஒன்று உதைத்துக்கொண்டு உள்ளே வந்தது. நீர்த்தெள்ளு. உடம்பு கண்ணாடி. முதுகுப் பக்கம் இதயம் படபடவென்று அடிப்பது தெரிகிறது, குடல் நெடுகப் பச்சை. கால்களை அசைத்து அசைத்துத் தண்ணீரை வடிகட்டி, பாசியும் பாக்டீரியாவும் என்று பார்க்காமல் விழுங்குகிறது. உடம்பில் லேசான சிவப்பு ஓடியது. ஆக்ஸிஜன் குறைந்த நீரில் இருந்தால் இது ரத்தச்சிவப்பு நிறமியைக் கூடுதலாகச் சுரந்துகொள்ளும். கஷ்டகாலம் பார்த்த தெள்ளு.

காக்குவிடம் நீட்டினேன். ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர் பீடியைக் கீழே வைத்துவிட்டார். மறுபடி பார்த்தார். பிறகு, கட்லாவின் சாப்பாடு இது என்றார். குளத்து வேலையாட்கள் நாலு பேர் வரிசையாக வந்து பார்த்தார்கள். ஸ்லைடு காய்ந்துபோகும்வரை திருப்பித் தரவில்லை.

காக்கு சொன்னது சரி. கட்லா மேல்மட்டத்தில் இந்தத் தெள்ளுகளை மேய்கிறது. வெள்ளிக் கெண்டை பாசியையே வடிகட்டித் தின்னும். ரோகு நடுவில், மிர்கால் அடிச்சேற்றில். நம்மூர் ஜிலேபி கெண்டை கிடைத்ததைத் தின்னும். மீன் இல்லாவிட்டால் பாசி தன் இஷ்டத்துக்குப் பெருகி, ஒருநாள் மொத்தமாகச் செத்து, அதுவே புதுச் சாக்கடையாகிவிடும். ஆகவே மீன் விளைச்சல் மட்டுமில்லை, வேலையாளும்கூட. ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் மீன் என்கிறார்கள். அவ்வளவும் கொல்கத்தா ஒருமுறை கழித்துவிட்டதிலிருந்து வந்த எடை.

கரை நெடுக மூங்கில் கட்டி ஆகாயத்தாமரையை ஒரு வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். நம் ஏரிகளில் நாம் திட்டித் தீர்க்கும் அதே செடி. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. இங்கே அதற்கு ஜெர்மன் பானா என்றும் ஒரு பழைய பெயர் உண்டாம். அலை கரையை அரிக்காமல் தடுக்க, மீனுக்கு நிழல் தர, என்று காக்கு காரணம் சொன்னார். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர், நனைந்த காக்கை இறகு மாதிரி கறுப்பாக, முழநீளம். அதில் சாம்பல் வழவழப்பு. உதறினால் சின்ன நத்தை நாலு, ஒரு இறால் குஞ்சு. அந்த வழவழப்புதான் பாக்டீரியாக் கூட்டம். எங்கள் தொட்டிகளில் அவை ஒட்டி வாழ இடம் வேண்டும் என்று சின்னச் சின்ன பிளாஸ்டிக் சக்கரங்களை மூட்டை மூட்டையாக வாங்கிப் போடுகிறோம்.

கிருமி என்ன ஆகிறது என்று கேட்பீர்கள், மனைவி போனில் அதைத்தான் கேட்டாள். என்னிடம் பி.எச். தாள் இருந்தது, தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும்; 7 என்றால் நடுநிலை, அதற்கு மேல் காரம். வாய்க்காலில் 7. பேரியில் மத்தியானம் மூன்று மணிக்கு 9. பாசி கரியமில வாயுவை இழுக்க இழுக்கத் தண்ணீர் காரமாகிறது. அந்தக் காரம், நேரடி வெயில், நிறைய ஆக்ஸிஜன், மேயும் தெள்ளுகள், இத்தனையும் சேர்ந்தால் குடலில் வாழும் கிருமிகள் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்காது. அவற்றுக்கு வேண்டியது இருட்டும் வெதுவெதுப்பும்.

ஆத்தா தேத்தாங்கொட்டையைப் பானைக்குள் உரசி ஊற்றுத் தண்ணீரைத் தெளிய வைத்தது ஞாபகம் வந்தது. காலையில் பார்த்தால் தண்ணீர் கண்ணாடி, அடியில் வண்டல். அது அழுக்கை ஒதுக்குகிற வித்தை. இங்கே ஒதுக்குவதே இல்லை, ஒருவர் எச்சிலை அடுத்தவர் தின்று தீர்க்கிறார்கள். தெளிவும் இல்லை பாருங்கள். பேரித் தண்ணீர் கலங்கல் பச்சை. தெளிந்தால்தான் காக்குவுக்குப் பயம்.

நான்காம் நாள்

விடியற்காலை நாலு மணி. பனிமூட்டத்தில் கரை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. காக்கு டார்ச்சைத் தண்ணீரில் அடித்தார். மேற்பரப்பில் நூற்றுக்கணக்கான சின்ன வட்டங்கள். மீன்கள் வாயை மேலே நீட்டித் திறந்து திறந்து மூடுகின்றன. "காபி காச்சே" என்றார். இந்தக் குளிருக்கு நல்ல யோசனை என்று நானும் தலையாட்டினேன். தம்பி சிரித்துச் சிரித்துக் கரையில் உட்கார்ந்துவிட்டான். மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தமாம், காப்பி காய்ச்சுவதெல்லாம் இல்லை.

வெயில் போனதும் பாசி ஆக்ஸிஜன் விடுவதை நிறுத்துகிறது, மற்றவர்களோடு சேர்ந்து தானும் சுவாசிக்கத் தொடங்குகிறது. இரவெல்லாம் இறங்கி இறங்கி, விடிவதற்குச் சற்று முன்னால்தான் அளவு ரொம்பக் குறைவாக இருக்கும். செயலாளர் ராத்திரியில் ப்ளோயரை நிறுத்தச் சொல்வாரே, இந்தக் குளத்தில் அது தினமும் நடக்கிறது. காக்கு வட்டங்களைக் கொஞ்ச நேரம் எண்ணுவது போலப் பார்த்தார். இன்றைக்கு அழுக்குத் தண்ணி வேண்டாம், மடையை மூடு என்று ஒருவரை அனுப்பினார். வெயில் ஏறியதும் வட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

அதற்குள் பக்கத்துக் குளத்தில் வலை. பத்துப் பன்னிரண்டு பேர் மார்பளவுத் தண்ணீரில் வரிசையாக, வலையின் அடியைக் காலால் அமுக்கியபடி நகர்ந்தார்கள். அடிச்சேறு புரண்டு குமிழி மேலே வந்தது. வலை இழுப்பதே குளத்துக்கு உழவு மாதிரி என்றார் காக்கு. ஜனவரி விடியலில் தினமும் இந்தத் தண்ணீருக்குள் இறங்குவது என்ன என்பதை நான் எழுதிப் புரியவைக்க முடியாது; கரையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றவன் நான். வெளியே வந்தவர்கள் வைக்கோல் தீயைச் சுற்றி நின்று ஒரு வார்த்தை பேசாமல் டீ குடித்தார்கள். இயற்கை தானாகச் சுத்தம் செய்கிறது என்று சொல்கிறோம். தானாக என்ற சொல்லை இங்கே நின்றுகொண்டு சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஏலம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது, ஒன்றும் புரியவில்லை. எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது. கொல்கத்தாக்காரர்களுக்கு மீன் உயிரோடு வேண்டும். அகலமான அலுமினிய ஹாண்டியில் தண்ணீரும் மீனுமாக வைத்து, சைக்கிளிலும் வேனிலும் ஏற்றுகிறார்கள். வேனில் ஹாண்டிக்குப் பக்கத்தில் உட்காரும் ஆள், வழி நெடுக உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டித் தட்டிக் கலக்கிக்கொண்டே போகிறார். தட்டத் தட்டக் காற்று கரையும். கை நின்றால் மீன் நிற்கும்.

மனித ப்ளோயர். போட்டோ எடுத்தேன், இருட்டில் சரியாக வரவில்லை.

ஐந்தாம் நாள்

இந்தக் கூட்டத்தால் தின்ன முடியாதவையும் உண்டு. அதையும் பார்த்துவிட வேண்டும் என்று மறுபடி பான்தலா பக்கம் போனோம். டாங்ரா, டோப்சியா பகுதித் தோல் பதனிடும் ஆலைகளை நகரத்துக்கு வெளியே மாற்ற 1996-இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படி உருவான தோல் வளாகம் இந்த ஈரநிலத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது. தோலுக்குக் குரோமியம் வேண்டும். பாக்டீரியா எதைச் சிதைத்தாலும் உலோகத்தைச் சிதைக்க முடியாது. இடம் மாற்றத்தான் முடியும். ஆகாயத்தாமரை வேர் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், மீதி சேற்றில் அடையும். அந்தச் செடியை வாரி அப்படியே கரையில் மக்கவிட்டால் பிடித்தது மறுபடி தண்ணீருக்கே வரும். ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கம் பாலாற்றைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நகரம் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. சால்ட் லேக் என்ற பெயரே சொல்கிறதே, உவர் ஏரியை ஹூக்ளி மணலால் நிரப்பி அறுபதுகளில் எழுப்பிய ஊர் அது. அடுத்ததாக நிரப்பப் பார்த்தபோது ஒரு குடிமக்கள் அமைப்பு வழக்குப் போட்டு, 1992-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் தடுத்தது. 2006-இல் தனிச் சட்டமும் வந்தது. சட்டம் இருக்கிறது. காக்குவின் கரையிலிருந்து பார்த்தால் மேற்கே வரிசையாகக் கோபுரக் கட்டடங்களும் இருக்கின்றன. பேஸ்மென்ட்டில் எஸ்.டி.பி. இருக்கும். என்னைப் போல ஒருவன் இருப்பான்.

மத்தியானம் கூஷிகாட்டா வரை போய் வந்தோம், நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். கால்வாய் குல்டியில் கலக்கும் இடம். ஊரின் கழிவு முழுதும் பேரிகளுக்குள் போவதில்லை, ஒரு பகுதி தப்பி நேரே இங்கேதான் வருகிறது. ஆனாலும் இரண்டாம் நாள் முகர்ந்த நாற்றம் இங்கே இல்லை. ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பையன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

காக்குவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். ஃபோல்ட்ஸ்கோப்பை அவரிடமே கொடுத்துவிட்டேன், என்னிடம் இன்னொன்று இருக்கிறது. பதிலுக்குப் பாலித்தீன் பையில் தண்ணீரோடு ஒரு மீன். கட்லா, ஒன்றரைக் கிலோ இருக்கும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பையைக் குலுக்கிக்கொண்டே வந்தேன். தம்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ராத்திரிச் சாப்பாட்டில் தலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒன்று மட்டும் தம்பி மனைவியிடம் சொன்னேன்: கட்லா, ரோகு சரி, மிர்கால் வாங்குவதைக் குறைத்துக்கொள், அது சேற்றில் மேய்கிற மீன். இது ஆராய்ச்சி முடிவு இல்லை, தோல் வளாகத்தைப் பார்த்துவிட்டு வந்தவனின் பயம். "மிர்கால்தான் மாமா விலை கம்மி" என்றாள்.

ரயிலில்

பாலசோர் தாண்டி சிக்னல் வந்தபோது சென்னையிலிருந்து ஏழு மிஸ்டு கால். எல்லாம் ஒரே குடியிருப்பின் வாட்ச்மேன். திருப்பிக் கூப்பிட்டேன்.

"சார், தொட்டி மேல வெள்ளையா நுரை பொங்குது. ப்ளோயர் சத்தமே காணோம். செகரட்டரி சார் வந்து நிக்கிறாரு."

பெல்ட் அறுந்திருக்கும், ஸ்டோர் ரூமில் இரண்டாவது தட்டில் புதுசு இருக்கிறது, போட்டுவிட்டுக் கூப்பிடு என்றேன்.

"எவ்ளோ நேரத்துல சரியாகும்னு கேக்குறாரு சார்."

விடிய வேண்டும் என்றேன்.